பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்கிறீர்களா? பெயர்களையும் சேமியுங்கள்!

கம்ப்யூட்டருடன் ஒரு ஸ்கேனரும் வாங்கியவுடன், வீட்டில் உள்ள பழைய போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பொங்கல் விடுமுறைக்கு ஸ்கேனருடன் ஊருக்குப் போனேன். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த 214 போட்டோக்களை மூன்றே நாட்களில் ஸ்கேன் செய்து முடித்தேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு தெரியுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லிக் கொண்டே வந்தார். நானோ மானிட்டரைப் பார்த்தபடி "உம்" கொட்டிக் கொண்டிருந்தேன்.

அந்த ஆடி மாதம் அப்பத்தா காலமானார். முதலாண்டு நினைவு நாளன்று, "அப்பத்தாவோட அம்மா படம் ஒண்ணு இருந்துச்சே, எடு" என்றார் அப்பா. ஸ்கேன்0001 முதல் ஸ்கேன்0214 வரை திறந்து பார்த்தோம். ஒரே சாயலில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எது அவர் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. கடைசியில் பெட்டியைத் திறந்து அசல் படத்தைத் திருப்பினால், பின்னால் பென்சிலில் பெயர் எழுதியிருந்தது. நான் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யவே இல்லை! பின்னால் எதுவும் எழுதப்படாத படங்களில் இருப்பவர்கள் பலர் யார் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

இந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க, கீழ்க்காணும் வழிகளைப் பின்பற்றவும்.

1. சுத்தம் செய்தல்: ஸ்கேனர் கண்ணாடியையும் படத்தையும் மென்மையான உலர்ந்த துணியால் துடைக்கவும். படத்தின் மீது தண்ணீர் படக் கூடாது. பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். முகமே உரிந்து வந்துவிடலாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யவும்.

2. ஸ்கேனர் அமைப்பு: ரெசல்யூஷன் என்ற இடத்தில் 600 டிபிஐ எனத் தரவும். கருப்பு வெள்ளைப் படமானாலும் கலர் என்பதையே தேர்ந்தெடுக்கவும். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்ஸெல் அளவில் கிடைக்கும். இதை டிஃப் வகை பைலாகச் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆயிரம் படங்கள் கூட 32 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். எனவே டிஃப் பைலை அசலாக வைத்துக் கொண்டு, திருத்தவும் மற்றவர்களுக்கு அனுப்பவும் ஜேபெக் நகல் எடுத்துக் கொள்ளுங்கள்.

3. பின்பக்கம்: தேதி, ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து எது இருந்தாலும் அதையும் ஸ்கேன் செய்து, அதே பெயருடன் 'பின்' எனச் சேர்த்துச் சேமிக்கவும்.

4. பைல் பெயர்: ஆண்டை முதலில் தரவும். "1964_காரைக்குடி_காதுகுத்து_01" என்பது போல் அமைத்தால், போல்டரில் படங்கள் கால வரிசையில் தாமாகவே அமையும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1964-சுமார்" எனத் தரலாம்.

5. பெயர்கள்: ஜேபெக் பைலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லவும். அதில் டீடெய்ல்ஸ் டேபில் கமெண்ட்ஸ் என்ற வரி இருக்கும். அங்கு இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம். 'தாத்தா' என்று மட்டும் எழுத வேண்டாம். நாளை உங்கள் பேரன் படித்தால், யாருடைய தாத்தா என்று குழம்புவான். முழுப் பெயர், ஊர், உறவு மூன்றையும் தரவும்.

6. குரல்: பெரியவர்களிடம் படத்தைக் காட்டும்போது செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்து விடுங்கள். ஆடியோ பைலுக்கும் படத்தின் பெயரையே வைக்கவும். எழுதுவதற்காக அவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருக்காது. அவர்கள் குரலும் உங்களிடம் இருக்கும்.

7. பாதுகாப்பு: மூன்று நகல்கள் எடுக்கவும். ஒன்று கம்ப்யூட்டரில், மற்றொன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கும். நீங்கள் டைப் செய்த குறிப்பும் போய்விடும். டாகுமெண்ட் எனத் தேர்ந்தெடுத்து அனுப்பவும்.

மங்கிய கலரையும் கீறலையும் எப்போது வேண்டுமானாலும் சாப்ட்வேர் கொண்டு சரி செய்யலாம். பெயரைச் சொல்ல எந்த சாப்ட்வேரும் இல்லை. எனவே எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்துப் படங்களை மட்டும் எடுத்துக் கொண்டு, வீட்டில் மூத்தவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஸ்கேனரைப் பிறகு ஆன் செய்து கொள்ளலாம்.