அக்கரைப் பச்சை இப்போ நம்ம ஃபோன்ல!

ராத்திரி பதினோரு மணிக்கு "அஞ்சு நிமிஷம்தான்" என்று இன்ஸ்டாகிராமைத் திறப்போம். மூடும்போது மணி பன்னிரண்டரை. நேரம் போனதைவிட இன்னொன்றுதான் அதிகமாக உறுத்தும்: "எல்லாரும் ஜாலியா இருக்காங்க, நமக்கு மட்டும் ஏன் இப்படி?" இது வெறும் பொறாமையா, இல்ல அந்தச் செயலிக்கும் இதில் பங்கு இருக்கா?

கல்லூரிகளில் நடந்த சோதனை

2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று ஒவ்வொரு கல்லூரியாகப் பரவியது. பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்தது 2006 செப்டம்பரில்தான். அதாவது, அந்த இடைக்காலத்தில் சில கல்லூரிகளில் ஃபேஸ்புக் இருந்தது, சிலவற்றில் இல்லை. யாரும் திட்டமிடாமலே ஒரு பெரிய சோதனை அமைந்துவிட்டது.

பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் காலத்து மாணவர் நலக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபேஸ்புக் வந்த பிறகு மாணவர்களின் மனநலம் சரிந்திருந்தது. குறிப்பாக மனச்சோர்வு கூடியிருந்தது. மனநிலையால் படிப்பு கெட்டது என்று சொன்னவர்களும் அதிகரித்திருந்தார்கள்.

காரணம்? மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியமானது என்கிறார்கள். வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், டே ஸ்காலர்ஸ்! மற்றவர்களின் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு குறைவு, படமாகப் பார்ப்பது மட்டும் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் ஃபீடில் 60 நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 60 நாளைக்கு ஒருமுறைதான் நல்ல செய்தி போடுகிறார்கள்: இன்டர்ன்ஷிப், டூர், ஆஃபர் லெட்டர். சராசரியாக உங்களுக்குத் தினமும் ஒரு கொண்டாட்டம் கண்ணில் படும். உங்கள் வாழ்க்கையிலும் 60 நாளுக்கு ஒரு நல்ல நாள்தான். மீதி 59 நாளும் ரெக்கார்டு நோட்டு, மெஸ் சாம்பார், அரியர் பயம். அவர்களுக்கும் அதே 59 நாள் உண்டு, யாரும் போஸ்ட் போடுவதில்லை. ஆக, 60 பேரின் நல்ல நாட்களை ஒட்டித் தைத்த 61-ஆவது ஆள் ஒருவரோடு நாம் போட்டி போடுகிறோம். அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாது!

சரி, என்ன பண்ணலாம்?

2018-இல் அமெரிக்காவில் சிலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவும் கூடியது, ஆனால் கொஞ்சம்தான். அதனால் எல்லாவற்றையும் டெலீட் பண்ணினால் கவலையே போய்விடும் என்று நம்ப வேண்டாம். இதையெல்லாம் செய்து பாருங்கள்:

• பார்த்தாலே மனசு சுருங்கும் கணக்குகளை மியூட் பண்ணுங்கள்.
• தூங்கும்போது ஃபோன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.
• ஆஃபர் லெட்டர் போட்ட சீனியரிடம் நேரில் கேளுங்கள்: "அண்ணா, இதுக்கு முன்னாடி எத்தனை கம்பெனி ரிஜெக்ட் பண்ணுச்சு?" அந்தப் பதில் எந்த ரீலிலும் வராது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு எதுவும் சரியில்லை என்றால் அது வெறும் ஃபோன் பிரச்சினையாக இருக்காது. டெலி மனஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் நம்பரைச் சேமித்து வையுங்கள். பக்கத்து ரூம் நண்பனுக்குத் தேவைப்படலாம்.