இடித்த வண்டி ஓடிவிட்டால்

டில்லியில் டிசம்பர் மாதம் கடும் மூடுபனி இருக்கும். விடியற்காலையில் ஒருவர் சைக்கிளில் பால் எடுத்துப் போகிறார். பின்னால் வந்த லாரி அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. அவருடைய கால் எலும்பு முறிகிறது.

"லாரி நம்பர் தெரியாது. சைக்கிளுக்கு லைசென்சும் இல்லை. நமக்கு என்ன கிடைக்கும்?" என்று வீட்டார் சும்மா இருந்துவிடக் கூடாது. சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் தேவையே இல்லை. இடித்த வண்டி எது என்று தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

முன்பு உயிர் போனால் 25,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். மிகவும் குறைந்த தொகை அது. 1-4-2022 முதல் அது 2 லட்சம் ரூபாய். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிவும் பலத்த காயம்தான்.

முதலில் போலீசில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கி எறியக் கூடாது. இவற்றோடு வங்கிப் புத்தக நகல், அடையாள அட்டை நகல் சேர்த்து மனுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியரோ தாசில்தாரோ மனுவை விசாரிப்பார்.

வண்டி நம்பர் தெரிந்தால் வழியே வேறு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். மருத்துவச் செலவு, இழந்த கூலி எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். அதனால் நம்பரைப் பார்த்தவர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் எழுதினாலும் சரி.

பார்த்தவர்கள் பலர் போலீசுக்குப் பயந்து நழுவிவிடுகிறார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரிடம் பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவருக்கு இந்தப் பாதுகாப்பைத் தந்திருக்கிறது.