பலகைக்கு ஒரு பெட்டி

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, பெட்டியின்றி வெறும் மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்படுகிறது. கடையில் தனியாகப் பெட்டி கிடைத்தாலும், கூடுதலாக ஒரு திரையையோ உணர்கருவியையோ பொருத்த விரும்புவோர் வீட்டிலேயே பெட்டி செய்துகொள்கின்றனர்.

வேலை அட்டைத்தாளில் தொடங்குகிறது. பை 4 பலகை 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதே அளவில் பெட்டி செய்பவர்கள், மின்கம்பியைச் செருகும்போதுதான் தவற்றை உணர்கின்றனர். செருகியின் தலைக்கும் கம்பி வளைவதற்கும் இடம் வேண்டுமே! இத்தவறு அட்டையில் தெரிந்தால் நட்டம் ஒரு தாள். அக்ரிலிக்கில் தெரிந்தால் ஒரு நாள் உழைப்பு.

அக்ரிலிக் எளிதில் விரிசல் விடும். ஆகவே, துளையிடும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி, அடியில் மரத்துண்டு வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மெதுவாகத் துளையிட வேண்டும். உலோகப் பெட்டி உறுதியானதுதான். ஆனால், அது வைஃபை அலைகளைத் தடுக்கும். பலகையின் அடியிலுள்ள பற்றவைப்புப் புள்ளிகள் உலோகத்தில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். அதனால், பலகையை நான்கு சிறு பிளாஸ்டிக் கால்களின்மேல் உயர்த்திப் பொருத்துவர்.

செயலியின் வெப்பநிலை 80 பாகை செல்சியசைக் கடந்தால், கணினி தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். சூடான காற்று மேலெழும் என்பதால், பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் மூடியிலும் துளைகள் தேவை. வெப்பமண்டல வீடுகளில் அத்துளைகள் வழியே எறும்புகள் குடியேறிவிடும். உட்புறம் மெல்லிய வலை ஒட்டுவது நல்லது.

வீட்டின் 230 வோல்ட்டு மின்சாரத்தை மட்டும் இப்பெட்டிக்குள் கொண்டுவரவே கூடாது. பாதுகாப்புச் சான்று பெற்ற அடாப்டர் வெளியே இருக்க, உள்ளே நுழைவது 5 வோல்ட்டாக மட்டுமே இருக்க வேண்டும்.