விடுமுறையில் வாசிக்க ஒரு நூல்: டோட்டோ-சான்



விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பிள்ளையை எந்த மேலதிக வகுப்புக்கு அனுப்புவது? கைத்தொலைபேசியை எங்கே ஒளித்து வைப்பது? எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது என்ற கேள்வி மூன்றாவதாகவேனும் எழ வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் வீட்டில் ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகள் இருந்தால், என் பரிந்துரை ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’.

யப்பானிய நடிகையும் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளருமான டெட்சுகோ குரோயாநாகி தனது பாடசாலைப் பருவத்தை எழுதி 1981இல் வெளியிட்ட நூல் இது. நாவலைப் போல ஓடினாலும் இதில் வருபவை உண்மையில் நடந்தவை. இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் சிறியவை என்பதால் தரம் 5 பிள்ளையும் தானாகவே வாசித்துவிடலாம்.

டோட்டோ-சான் முதலாம் வகுப்பிலேயே பாடசாலையை விட்டு விலக்கப்பட்ட சிறுமி. பாடம் நடக்கும்போது மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுவாள். ஜன்னலருகே நின்று தெருவில் போகும் இசைக்காரர்களைக் கூப்பிடுவாள். அம்மா அவளைத் தோமோயே என்ற சிறிய பாடசாலைக்கு அழைத்துப் போகிறார். அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள்! பதுளைக்குப் போகும் ரயிலுக்குக் கையசைத்தே வளரும் எங்கள் வட்டவளைப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியே போதும், புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.

அந்தப் பாடசாலையின் அதிபர் சோசாகு கோபயாஷி. முதல் நாள் அவர் அவளிடம் எந்தத் தேர்வும் வைக்கவில்லை. சொல்ல விரும்புவதையெல்லாம் சொல்லும்படி கேட்டுவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்காருகிறார். அவள் நான்கு மணித்தியாலம் பேசுகிறாள். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. இந்த நூலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழப்படிக்காரி என்று மற்றவர்கள் ஒதுக்கிய பிள்ளையை ஒரு பெரியவர் முழுமையாகக் கேட்கிறார். சிறுவர் அபூ உமைரிடம் அவர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் விசாரித்த ஹதீஸை நாம் அறிவோம். பிள்ளையின் சின்னக் கவலைக்கும் காது கொடுப்பது நமக்குப் புதிய பாடம் அல்ல, மறந்துபோன பாடம்.

அம்மாவும் என் மனதில் நின்றவர். பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டதை அவர் மகளிடம் சொல்லவே இல்லை. டோட்டோ-சான் இருபது வயதைக் கடந்த பிறகே அதை அறிகிறாள். ஒரு புள்ளி குறைந்தாலும் அயல்வீட்டுக்கும் உறவினருக்கும் செய்தி போய்விடும் நமது சூழலில், அந்தத் தாயின் மௌனத்தை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோமோயேயில் பகல் உணவுக்கு ஒரு விதி உண்டு: கடலிலிருந்து ஏதாவது, மலையிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும். ஒன்று குறைந்தால் அதிபரின் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வந்து குறையை நிரப்புவார். இதனால் யாருடைய உணவுப் பெட்டியும் கேலிக்கு ஆளாவதில்லை. விளையாட்டுப் போட்டியில், வளர்ச்சி நின்றுபோன தகஹாஷி என்ற சிறுவன் வெல்கிறான். அவனுடைய குட்டையான உடலுக்கு ஏற்றபடி அதிபர் போட்டிகளை அமைத்திருந்தார். போலியோவால் பாதிக்கப்பட்ட யசுவாகியை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றும் அத்தியாயத்தை வாசிப்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது.

மலையகத்தில் வாழும் நாம் நிதானமாக வாசிக்க வேண்டிய அத்தியாயம் ஒன்று உண்டு. மசாவோ என்ற கொரியச் சிறுவன் டோட்டோ-சானைப் பார்த்து “கொரியாக்காரி!” என்று கத்துகிறான். அவளுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்குகிறது, கண் கலங்குகிறது. அந்தச் சொல்லைப் பிறர் அவனை நோக்கி எத்தனையோ முறை எறிந்திருக்கிறார்கள். அதனால் தன் இனத்தின் பெயரையே அவன் வசைச்சொல் என்று நினைத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சர்வசாதாரணமாகக் காதில் விழும். லயத்திலிருந்து வரும் பிள்ளை அதைக் கேட்டபடியே பாடசாலைக்கு நடக்கிறது. நகரத்தில் வாழும் நமது வீடுகளில் அந்தச் சொல் புழங்குகிறதா என்று இந்த அத்தியாயத்தை வாசித்த பிள்ளை நம்மைக் கேட்கும். கேட்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தோமோயேப் பிள்ளைகள் உடையின்றி நீந்தும் ஓர் அத்தியாயம் நூலில் வருகிறது. உடற்குறை உள்ள பிள்ளை தன் உடலை நினைத்துக் கூசக் கூடாது என்பது அதிபரின் நோக்கம். அந்த வழி நமது மார்க்க ஒழுக்கத்துக்குப் பொருந்தாது. அதற்காகப் புத்தகத்தையே மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். நோக்கம் நல்லது, நமது வழி வேறு என்று விளக்கினால் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

“இப்படி விளையாட்டாகப் படித்தால் பரீட்சையில் சித்தியடைய முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். காலையில் எல்லாப் பாடங்களின் வேலைகளும் கரும்பலகையில் எழுதப்படும். விரும்பிய பாடத்திலிருந்து பிள்ளைகள் தொடங்குவார்கள். எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும். வகுப்புத் தோழன் தாய்-சான் இப்படி விஞ்ஞானத்தில் மூழ்கியவன். பின்னாளில் பௌதிகவியலாளராகி அமெரிக்காவின் பெர்மி ஆய்வுகூடத்தில் பணியாற்றினான். விலக்கப்பட்ட டோட்டோ-சான் 1984இல் யுனிசெப் நல்லெண்ணத் தூதுவரானார். 1945இல் குண்டுவீச்சில் பாடசாலை எரிந்து அழிந்தது. ஆனாலும் நூல் வழியாக அதை உலகம் அறிந்துகொண்டது.

வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர் எங்கள் வட்டவளை. விடுமுறையிலும் வெளியே விளையாட வானம் எப்போதும் இடம் தராது. அத்தகைய இரவுகளில் இஷாத் தொழுகைக்குப் பின் ஓர் அத்தியாயத்தை யாராவது சத்தமாக வாசியுங்கள். உம்மா சமையலறையில் இருந்தால் அவருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். முடிந்ததும் பிள்ளையிடம் வினாக்கள் கேட்காதீர்கள். அது பேசட்டும், நீங்கள் கேளுங்கள். நூலகத்தில் பிரதி இல்லாவிட்டால் மூன்று நான்கு தோழியர் சேர்ந்து ஒன்றை வாங்கி, வீடு வீடாகச் சுற்றுக்கு விடலாம்.