கணிப்பானும் சோழியும்

கருவியைக் கையாளுதல் ஒன்று. கருவியை அறிதல் மற்றொன்று. முன்னது பழக்கத்தால் வருவது. பின்னது ஆராய்ச்சியால் வருவது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை, மாணவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொறியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொறி வரைபடக் கணிப்பான். எண்களைக் கூட்டிப் பெருக்குவதோடு நில்லாது, ஒரு சமன்பாட்டைக் கோடாகத் தன் திரையில் வரைந்து காட்டுவதும், நாம் எழுதிக் கொடுக்கும் நிரலை ஏற்று நடப்பதும் அதன் இயல்பு.

தமிழ் பயில்வோர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எம் ஊராகிய நெரவி, காரைக்கால் பகுதியைச் சார்ந்தது. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் கால்கொண்டனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் அப்பகுதி இந்திய ஆட்சியொடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் இன்றும் இப்பகுதியில் உள. புதுச்சேரியில் 1826இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியின் மாணவர் பக்கலோரேயா என்னும் தேர்வை எழுதுவர். பிரான்சு நாட்டிற்கு முன்னதாக ஏப்ரல் மாதத்திலேயே புதுச்சேரியில் அத்தேர்வு நடைபெற்று வந்தமையால், அதன் கணித வினாத்தாளைப் பிரான்சு மாணவர் பல ஆண்டுகள் தம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டனர். அத்தேர்வில் வரைபடக் கணிப்பானுக்கு இடம் உண்டு. நம் நாட்டுப் பள்ளித் தேர்வுகளிலோ இல்லை. ஆகவே ஒரே கடற்கரையில் வாழும் மாணவருள் சிலருக்கு அது பாடப் பொருள். பலருக்கு அது கண்டிராத பொருள். காணாதார்க்கும் பயன்படுமாறு அதன் இயல்பை முதலிற் கூறுவோம்.

ஜப்பானியக் காசியோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட எஃப்.எக்ஸ். 7000 ஜி என்பதே வரைபடக் கணிப்பான்களுள் முதலாவதாகக் கூறப்படுவது. அதன் திரை 96 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் உடையது. நிரலுக்கென அமைந்த நினைவகம் 422 பைட்டு மட்டுமே. ஒருங்குறி முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வேண்டுமாதலின், அவ்வளவு இடத்தில் ஏறக்குறைய 140 குறிகளே அடங்கும். ஒரு வெண்பா எழுதினால் இடம் தீர்ந்துவிடும் என்க. 1990இல் அமெரிக்க நாட்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.ஐ. 81 என்னும் கணிப்பானையும், 1996இல் டி.ஐ. 83 என்பதனையும் வெளியிட்டது.

இனி, நிரல் என்பது யாது? ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஐயத்திற்கு இடமின்றி வரிசைப்படுத்திய கட்டளைத் தொகுதியே நிரல். எடுத்துக்காட்டாக, 2 என்பதன் வர்க்கமூலம் வேண்டும் என்போம். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. 2ஐ அவ்வெண்ணால் வகுக்க. வந்த ஈவையும் அவ்வெண்ணையும் கூட்டிப் பாதியாக்குக. அப்பாதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. 1இல் தொடங்கினால் முதன்முறை 1.5, இரண்டாம் முறை 1.4167, மூன்றாம் முறை 1.414216 எனக் கிடைக்கும். உண்மை மதிப்போ 1.414214. மூன்றே சுற்றில் இவ்வளவு நெருங்கிவிட்டோம். வரைபடம் தீட்டுவதும் இத்தகையதே. திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை நெடுவரிசை ஒவ்வொன்றுக்கும் சமன்பாட்டின் மதிப்பை ஒருமுறை கண்டு, அவ்வுயரத்தில் ஒரு புள்ளியைக் கறுப்பாக்கினால் கோடு தானே உருவாகும்.

இதனை உணர்ந்த மாணவர் வாளா இருப்பரோ? கணிப்பானிலேயே அமைந்த பேசிக் மொழியில் சூத்திரங்களுக்கு நிரல் எழுதினர்; விளையாட்டுகளும் எழுதினர்; ஒரு கணிப்பானிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி வழியே அனுப்பிப் பகிர்ந்துகொண்டனர். எனினும் பேசிக் மெதுவாக நடப்பது. பொறியின் செயலகத்தோடு அதன் சொந்த மொழியிலேயே பேசினாலன்றி விரைவு வாராது. அம்மொழிக்கு நிறுவனம் வாயில் திறந்து வைக்கவில்லை. 1994இல் ஆர்வலர் சிலர் டி.ஐ. 85 கணிப்பானின் நினைவகப் படியை நுணுக்கமாகத் திருத்தி, அதன்வழி இயந்திரமொழி நிரல்களை உள்ளே செலுத்தினர். இசட் ஷெல் என்பது அவர் படைப்பின் பெயர். பின் வந்த டி.ஐ. 83, டி.ஐ. 86 ஆகியவற்றில் அத்தகைய நிரல்களுக்கு நிறுவனமே வழிவிட்டது.

இவ்வாறு எழுதுவோர்க்குச் சுருக்கமே உயிர். நூற்பா இயற்றிய நம் இலக்கண ஆசிரியர் ஓர் எழுத்தையும் வீணாக்கார். ஒரு விதியிற் கூறியதை மறு விதியிற் கூறார். முன்னதிலிருந்து பின்னதற்கு வருவித்துக்கொள்ளச் செய்வர். சிறிய நினைவகத்தில் நிரல் எழுதுவோரும் அந்நெறியையே மேற்கொள்கின்றனர். இடுக்கண் அறிவைக் கூர்மையாக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

நிற்க. பொருளை வாங்கியவனுக்கு அதன் உள்ளகத்தைத் திறக்கும் உரிமை உண்டா என்னும் வழக்கு விரைவில் எழுந்தது. கணிப்பானின் இயக்க மென்பொருளைப் பிறர் மாற்றாதவாறு நிறுவனம் ஓர் எண்பூட்டு இட்டிருந்தது. 2009இல் ஓர் ஆர்வலர், தம் வீட்டுக் கணிப்பொறியை ஏறக்குறைய 73 நாள் ஓடவிட்டு, 512 பிட்டு நீளமுடைய டி.ஐ. 83 பிளஸ் பூட்டின் பெருக்கெண்ணைக் காரணிகளாகப் பிரித்தார். நிறுவனம் அவ்வெண்களை வெளியிட்டோர்க்கு வழக்கறிஞர் கடிதம் விடுத்தது. மின்னணு எல்லைக் கழகம் என்னும் உரிமை அமைப்பு ஆர்வலர் பக்கம் நின்று மறுமொழி கூறியது.

மற்றொரு பக்கத்தையும் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். தேர்வறையில் கணிப்பான் ஏமாற்றுக் கருவியாகலாம் என்னும் அச்சம் பொய்யன்று. 2017இல் பிரான்சில் வெளிவந்த நம்வொர்க்ஸ் கணிப்பான், தன் மூலநிரலை யாவரும் படிக்குமாறு வெளியிட்டுப் புகழ் பெற்றது. பைத்தான் மொழியில் நிரல் எழுதவும் இடந்தந்தது. அந்நிறுவனமே 2021இல், தேர்வின் நேர்மையைக் காரணங்காட்டி, பிறர் திருத்திய இயக்க மென்பொருள் நுழையாதவாறு பூட்டிட்டது. 2020இல் டெக்சாஸ் நிறுவனமும், பிரான்சில் விற்கும் டி.ஐ. 83 பிரீமியம் சி.இ. முதலியவற்றில் இயந்திரமொழி நிரல்களுக்கு இருந்த வாயிலை அடைத்தது. தேர்வு சில மணி நேரம். கல்வி பல ஆண்டு. சில மணி நேரக் காவலுக்காகப் பல ஆண்டுக் கதவை அடைத்தல் தகுமா என்பதே வினா. தேர்வறைக்குள் மட்டும் பூட்டி, வெளியே திறந்துவிடுவதே இருபாலார்க்கும் ஒக்கும் என்பது எம் துணிபு.

அத்துணிபிற்குக் காரணம் அயல்நாட்டில் இல்லை. எம் கடற்கரையிலேயே உளது. வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் குறுக்கே செல்வதைக் காண வந்த லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வானநூலார் 1769இல் புதுச்சேரியில் தங்கியிருந்தார். அங்கே தமிழர் ஒருவர் தாளும் கோலுமின்றி, சோழிகளைப் பரப்பி, முக்கால் மணி நேரத்திற்குள் சந்திர கிரகணத்தைக் கணித்தது கண்டு வியந்தார். பின்னர் ஜான் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே 31, ஜூன் 1 நாள்களுக்கிடைப்பட்ட கிரகணத்தைச் சோழியாற் கணித்த முறையை விவரித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடமே பிழை.

அக்கணிதர் கையாண்டது வாக்கிய முறை. சந்திரன் நிலையை 248 நாள்களுக்கு 248 வாக்கியங்களாக வகுத்து மனப்பாடம் செய்வர். எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் அவ்வாக்கியங்கள் எண்களைச் சுமந்து நிற்கும். எம் ஊரார் சுருக்கி வழங்கும் 'காரை' என்னும் பெயரையே அம்முறையிற் படிப்போம். ககரம் 1, ரகரம் 2, வலமிருந்து இடமாகப் படிக்க 21 ஆகும். இனி உவமையைப் பொருத்திக் காண்க: வாக்கியங்கள் சேமித்த அட்டவணை, கணிக்கும் விதி நிரல், நிலத்திற் பரப்பிய சோழி நினைவகம், கணிதரே செயலகம். இந்நிரல் இன்றும் ஓடுகின்றது. எம் ஊருக்கு அணித்தாகிய திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சியை 2023 டிசம்பர் 20இல் கொண்டாடியது வாக்கியப் பஞ்சாங்கப்படியே. திருக்கணிதப் பஞ்சாங்கமோ அதே பெயர்ச்சிக்கு 2023 ஜனவரி 17 என நாள் குறித்திருந்தது. வானம் ஒன்று, நிரல் இரண்டு, இடையே பதினொரு திங்கள்.

வாரன் குறித்த மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தைப்பது. அக்கணிதர் அரிய நினைவாற்றல் உடையவர். ஆயினும் தாம் செய்யும் கணக்கின் அடிப்படைக் கொள்கையை அறியாதவர். விதியைப் பிழையின்றி நடத்தினார்; விதி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அறிந்திலர். அவரைக் குறை கூறுவது எம் கருத்தன்று. அவர் காத்துத் தந்த செல்வம் பெரிது. ஆயின் காரணம் அறியாதவன் கையிலுள்ள நிரலைத் திருத்த இயலாது. ஆண்டுதோறும் சிறுகச் சேரும் பிழையும் அவன் கண்ணுக்குப் புலப்படாது. விசையை அழுத்தி விடையைப் பெயர்த்தெழுதும் இக்காலத்து மாணவன், அக்கணிதரின் நினைவாற்றலும் இன்றி அவர் நிலையில் நிற்கின்றான்.

தானே நிரல் எழுதுபவனோ அங்ஙனம் நிற்க இயலாது. ஒரு படி தவறினும் பொறி தவறான விடை தரும். அத்தவற்றைத் தேடுங்கால் கணக்கின் காரணம் முழுதும் அவனுக்குப் புலப்படும். கணிப்பான் இல்லாதார் வருந்த வேண்டா. மேலே கூறிய வர்க்கமூல விதியை 2க்கு மாறாக 3க்கு வைத்துத் தாளில் நான்கு சுற்று நடத்திப் பார்க்க. விடை ஏன் நெருங்கி வருகின்றது என்னும் வினா அப்பொழுது எழும். அவ்வினா எழுந்த இடத்தே கல்வி தொடங்குகின்றது.