விறகுக் கட்டும் வெள்ளிப் பதக்கமும்

மணிப்பூர் நமது நாட்டின் கிழக்கு எல்லையில் உள்ள மாநிலம். அங்கே நோங்போக் காக்சிங் என்று ஒரு கிராமம். மீராபாய் சானு 1994-ஆம் ஆண்டு அங்கே பிறந்தார்.

அடுப்பு எரிக்க விறகு வேண்டும் அல்லவா? அண்ணனும் தங்கையும் விறகு பொறுக்கப் போவார்கள். ஒரு நாள் அண்ணனால் விறகுக் கட்டைத் தூக்க முடியவில்லை. 12 வயது மீராபாய் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பள்ளியில் எட்டாம் வகுப்புப் புத்தகம். அதில் குஞ்சராணி தேவியைப் பற்றி ஒரு பாடம். குஞ்சராணியும் மணிப்பூர்ப் பெண். பளு தூக்கும் உலகப் போட்டிகளில் பல பதக்கங்கள் வென்றவர். மீராபாய் அந்தப் பாடத்தைப் படித்தார். தானும் பளு தூக்குவது என்று முடிவு செய்தார்.

பயிற்சி நிலையம் இம்பால் நகரில் இருந்தது. 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தினமும் பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசு இல்லை. அந்த வழியே மணல் லாரிகள் போகும். லாரி டிரைவர்கள் அவரை ஏற்றிச் சென்றார்கள். காசு வாங்கவில்லை.

பளு தூக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இரண்டாம் முறையில் முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். இரண்டு எடைகளையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

2016-இல் ரியோ ஒலிம்பிக் போட்டி. இரண்டாம் முறையில் மூன்று வாய்ப்புகளும் தவறின. கூட்டிப் பார்க்க எடையே இல்லை. அவர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

மீராபாய் மனம் உடைந்தார். ஆனால் பளுவை விடவில்லை. அடுத்த ஆண்டே 194 கிலோ தூக்கி உலகப் போட்டியில் தங்கம் வென்றார்.

2021 ஜூலை 24. டோக்கியோ ஒலிம்பிக். முதலில் 87 கிலோ. பிறகு 115 கிலோ. மொத்தம் 202 கிலோ. வெள்ளிப் பதக்கம்! அவர் போட்டியிட்டது 49 கிலோ எடைப் பிரிவில். தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் தூக்கினார். அப்போது காதில் ஒலிம்பிக் வளையங்கள் போன்ற தோடு. அம்மா செய்து கொடுத்தது.

ஊர் திரும்பியதும் லாரி டிரைவர்களைத் தேடி அழைத்தார். சாப்பாடு போட்டு, துணி கொடுத்து மரியாதை செய்தார்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கினார். நான்காம் இடம். வெண்கலம் வென்றவர் தூக்கியது 200 கிலோ.

பதில் எழுதுங்கள்

1. மீராபாய் பளு தூக்க முடிவு செய்தது எப்படி?
2. பாரிஸில் வெண்கலம் எத்தனை கிலோவில் தவறியது?
3. உங்கள் முயற்சிக்கு உதவியவர் யார்? அவருக்கு நான்கு வரியில் கடிதம் எழுதுங்கள்.