அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ்

வீட்டில் சீஸ் பாஸ்தா செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாஸ்தா பதமாக வெந்திருக்கும். வெண்ணெயில் பூண்டு மணக்கும். துருவிய சீஸைக் கொட்டிக் கிளறிய அரை நிமிடத்தில் அது திரண்டு கரண்டியோடு உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், வாணலியின் அடியில் எண்ணெய் பிரிந்து நிற்கும், பாஸ்தாவில் எதுவுமே ஒட்டியிருக்காது. உடனே சீஸ் மட்டம் என்று முடிவு கட்டி, அடுத்த முறை இன்னும் விலை கூடிய சீஸை வாங்கி வருவார்கள். அதுவும் திரளும். கெடுப்பது சூடுதான், சீஸ் அல்ல.

புதுச்சேரியில் இருப்பவர்கள் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தம். பத்து கிலோமீட்டர் தள்ளி ஆரோவில்லில் லா ஃபெர்ம் பண்ணைக்காரர்கள் செடார், மொஸரெல்லா என்று வகைவகையாகச் சீஸ் செய்கிறார்கள். நகரத்துக் கடைகளிலேயே அது கிடைக்கிறது. பால் பாண்லே பூத்தில் காலையிலேயே கிடைத்துவிடும். பிரான்ஸில் சொந்தபந்தம் உள்ள வீடுகளில் லீவுக்கு வருபவர்களின் பெட்டியிலிருந்து எமந்தாலோ கொம்தேவோ இறங்கும். இத்தனையும் கையருகே இருக்க, சீஸ் பாஸ்தா என்றால் ஓட்டலில்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் அடுப்படியில் மக்ரோனி கிராத்தேன் பழகிய பண்டம். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலூற்றிக் காய்ச்சி, சீஸ் கலந்து, வெந்த மக்ரோனியின் மேல் ஊற்றி, மேல்பரப்பு பொன்னிறமாக வரும்வரை அவனில் சுடுவார்கள். அந்த வீடுகளில் சீஸ் திரிந்துபோனதாக யாரும் குறைப்படுவதில்லை. பாலில் கரைந்திருக்கும் மாவு, சீஸின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடாமல் இடையில் நின்று தடுக்கிறது. நாம் செய்யப்போவது அவன் இல்லாமல், இருபது நிமிடத்தில், அடுப்பின் மேலேயே முடிகிற பண்டம். இதிலும் அந்த மாவின் வேலையைச் செய்ய ஏதாவது வேண்டும். அது பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே இருக்கிறது. நிறையப் பேர் அதைத்தான் சிங்க்கில் கொட்டுகிறார்கள்.

இது தனிச் சாப்பாடு அல்ல, பக்கத்தில் வைக்கும் பண்டம். வறுத்த வஞ்சிரம், ஞாயிற்றுக்கிழமைக் கோழி ரோஸ்ட், ஏன், வெறும் முட்டை ஆம்லெட்டுக்குக் கூடப் பொருந்தும். நான்கு பேருக்குப் பாஸ்தா 200 கிராம் போதும். சீஸ் மொத்தம் 120 கிராம், வெண்ணெய் 25 கிராம், பால் அரை டம்ளர், பூண்டு நான்கு பல், மிளகு, பிறகு இலைகள். கிரீம் வேண்டாம். சீஸ் ருசியை மழுக்கத்தான் அது உதவும்.

பாஸ்தா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். துரம் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருக்க வேண்டும். மைதாவில் செய்த மலிவான மக்ரோனி சூப்புக்குச் சரி. இதில் போட்டுக் கிளறினால் குழைந்துவிடும். வடிவம் எதுவானாலும் சரி, குழிவோ வரியோ இருந்தால் சீஸ் நன்றாகப் பிடிக்கும்.

இலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கடையில் தேடி அலைவதெல்லாம் வீண். பேசில் என்று கேட்டு வாங்குவது நம் திருநீற்றுப்பச்சிலைதான். சர்பத்தில் போடும் சப்ஜா அதன் விதை. நாட்டுமருந்துக் கடையில் கொஞ்சம் வாங்கித் தொட்டியில் தூவினால் சில நாட்களில் முளைத்துவிடும். பூங்கதிர் வரும்போதே கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து கிடைக்கும். நம் ஊர்ச் செடியின் வாசம் இத்தாலிய வகையைவிடக் கூர்மையானது, அதனால் பன்னிரண்டு இலைக்கு மேல் வேண்டாம். துளசியைப் பதிலுக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடக் கூடாது. துளசியில் யூஜினால் இருக்கிறது, கிராம்பின் வாசத்துக்குக் காரணமும் அதுதான். சீஸோடு சேர்ந்தால் பல்வலி மருந்து நினைவுக்கு வரும்.

ஆரிகனோவுக்குப் பதில் கற்பூரவள்ளி. இது ஏதோ ஒப்பேற்றும் யோசனை இல்லை. ஆரிகனோவுக்கு வாசம் தரும் கார்வக்ரால், தைமால் இரண்டும் கற்பூரவள்ளியிலும் இருக்கின்றன. ஆனால் கற்பூரவள்ளி இலை தடித்தது, நீர் நிறைந்தது, பச்சையாகப் போட்டால் கஷாய வாடை அடிக்கும். இரண்டே இரண்டு இலையை மிகப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். மூன்றாவது இலை வேண்டாம்.

பெரிய மார்க்கெட் பூக்கடைகளில் கதம்பத்தோடு கட்டித் தரும் மரு, ஐரோப்பியச் சமையலில் மார்ஜோரம் என்று போடுகிற அதே செடி. அதற்காகப் பூச்சரத்திலிருந்து பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். மாலைக்காக வளர்ப்பதில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. நர்சரியில் செடியாக வாங்கி வீட்டில் வளர்த்த பிறகு கிள்ளுங்கள். மரிக்கொழுந்து வேறு செடி, அது இதில் சேராது. எதுவுமே இல்லாத நாளில் பாக்கெட் ஆரிகனோவை உள்ளங்கையில் கசக்கி வெண்ணெயில் போடுங்கள். பீட்சாவோடு வரும் பொட்டலமானால் அதில் உப்பும் இருக்கலாம், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். கொத்தமல்லித் தழை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி அடுப்பு.

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, கொதித்ததும் பாஸ்தா. பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்லும் குறிப்புகளை இங்கே மறந்துவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால்தான் கஞ்சிப்பசை அதில் கெட்டியாக இறங்கும், நமக்கு வேண்டியது அதுதான். முதல் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் ஒட்டாது. எண்ணெய் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் பிறகு சீஸ் வழுக்கும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இறக்குங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை முகந்து வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். குழாயில் காட்டிக் கழுவாதீர்கள்.

பாஸ்தா வேகும் நேரத்தில் சீஸைத் துருவுங்கள். தேங்காய்த் துருவலைப் போலப் பெரிதாக இருக்கக் கூடாது. கிரேட்டரின் சிறு கண்ணில் தேய்த்துப் பொடியாக வேண்டும். பெரிய துண்டு கரைய நேரமாகும், அந்த நேரத்துக்காகத்தான் மக்கள் அடுப்பைக் கூட்டுகிறார்கள், கெடுவதும் அங்கேதான். மே மாதப் புதுச்சேரிப் புழுக்கத்தில் சீஸ் கையிலேயே இளகி ஒட்டும், ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே துருவி, துருவலைத் தட்டில் பரப்பி வெளியே வைத்துவிடுங்கள். சில்லென்ற சீஸ் சூடான வாணலியில் சமமாக இளகாது.

எந்தச் சீஸ் என்றால், செடார், கௌடா, எமந்தால் போல நன்றாக உருகுவது 90 கிராம். மொஸரெல்லா இழுபடுமே தவிரக் குழம்பாகாது, அதை மட்டுமே போட்டால் நூல்தான் மிஞ்சும். ஆசைக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். பனீரும் ஃபெட்டாவும் உருகவே உருகா. மீதி 30 கிராமுக்கு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அமுல் பிராசஸ்டு சீஸ் ஒரு கட்டியைத் துருவிச் சேருங்கள். நல்ல சீஸோடு இதைப் போடுவதா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிராசஸ்டு சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. அந்த ஒரு கட்டி, கூட இருக்கும் ஆரோவில் செடாரையும் சேர்த்துக் காப்பாற்றும்.

வாணலியில் வெண்ணெய் உருகியதும் நசுக்கிய பூண்டு, கற்பூரவள்ளி. பூண்டு சிவக்கக் கூடாது. அரை டம்ளர் பச்சைப்பாலில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, லேசாகக் கெட்டிப்படும்வரை கிளறுங்கள். கிராத்தேனில் மைதா செய்கிற வேலைக்கு இது குறுக்குவழி. கை பழகியவர்கள் இதையும் விட்டுவிட்டுப் பாஸ்தா தண்ணீரை மட்டும் நம்பலாம். வடித்த பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரில் பாதியையும் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். இந்த நிலையில் அது சற்றே தளர்வாக, குழம்பு அதிகமாகத் தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், சீஸ் அதை இழுத்துக்கொள்ளும்.

இப்போது அடுப்பை அணையுங்கள். சிம்மில் வைப்பது போதாது, அணைக்க வேண்டும். இரும்பு வாணலியோ அடிகனமான பாத்திரமோ ஆனால் அடுப்பை அணைத்தும் கொதித்துக்கொண்டே இருக்கும். அதை மேடையில் இறக்கி வையுங்கள். குமிழ் எழுவது முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஆவி பறக்கலாம், குமிழ் மட்டும் இருக்கக் கூடாது. கொதிநிலையில் சீஸைப் போட்டால் அதன் புரதம் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். முதலில் சொன்ன உருண்டையும் எண்ணெயும் அதுதான். சீஸ் உருகுவதற்குக் கொதிக்கும் சூடு தேவையே இல்லை. கை வைத்தால் சுரீர் என்கிற சூடே தாராளம்.

காத்திருந்த பிறகு, சீஸை மூன்று பங்காக்கி ஒவ்வொரு பிடியாகத் தூவிப் புரட்டுங்கள். முதல் பிடி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த பிறகே இரண்டாவது. இறுகுவதுபோலத் தோன்றினால் மிச்சமுள்ள பாஸ்தா தண்ணீரில் ஒரு கரண்டி. கடைசிப் பிடியும் கரைந்ததும் பளபளவென்று ஒவ்வொரு துண்டையும் மூடியிருக்கும். மிளகைப் பொடித்துப் போட்டு, திருநீற்றுப்பச்சிலையைக் கையால் கிழித்துச் சேருங்கள். கத்தியால் நறுக்கினால் ஓரம் கறுக்கும். உப்பு இந்தக் கட்டத்தில்தான் பார்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

எல்லாம் செய்தும் அவசரத்தில் திரண்டுவிட்டால் கொட்டிவிடாதீர்கள். வாணலியை இறக்கி, சூடான பாஸ்தா தண்ணீர் இரண்டு கரண்டியும், துருவிய பிராசஸ்டு சீஸ் இன்னொரு கட்டியும் சேர்த்து வேகமாகக் கிளறுங்கள். முழுக்கச் சரியாகாவிட்டாலும் மேசைக்குக் கொண்டுபோகும் அளவுக்குக் கூடிவரும். மறுபடி அடுப்பில் ஏற்றுவது மட்டும் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு மாற்றமும் உண்டு. வீட்டில் தாளிப்பு வடகம் இருந்தால், கற்பூரவள்ளிக்குப் பதிலாக அரை உருண்டையை உதிர்த்து வெண்ணெயில் பொரியவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் வெயிலில் காய்ந்து ஏறிய அந்த மணம் செடாரோடு அபாரமாகச் சேரும். அப்படிச் செய்யும் நாளில் பேசில் வேண்டாம், பூண்டையும் இரண்டு பல்லாகக் குறையுங்கள்.

மீன் வறுபட்டுத் தட்டுக்கு வந்த பிறகு சீஸைச் சேருங்கள், முன்கூட்டியே அல்ல. பத்து நிமிடம் ஆறினால் இது இறுகத் தொடங்கும். மிச்சம் இருந்தால் மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி போட்டு, அடுப்பை மிகக் குறைவாக வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில், அரை அரை நிமிடமாக, நடுவில் கிளறி. கறுத்துப்போன பழைய இலையை எடுத்துவிட்டுத் தொட்டியிலிருந்து புதிதாக நாலைந்து கிள்ளிப் போடுங்கள்.